தாளம் எங்கிருந்து வருகிறது?

கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது நம் பின்னந்தலையில் நொடிக்குச் சுமார் 10 முறை ஏறி இறங்கும் மின் அலை ஒன்று எழுகிறது. கண்ணைத் திறந்தால் அடங்கிவிடுகிறது. ஜெர்மனியின் யேனா நகரில் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின் அலையைப் பதிவுசெய்தார். 1929இல் அதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் உடலியங்கியலாளர்கள் ஏட்ரியனும் மேத்யூஸும் அதையே பதிவுசெய்து, பார்வைக்குரிய பிடரிப் பகுதியிலிருந்து அது வருவதாகக் காட்டினார்கள். அலை உண்டா என்ற ஐயம் அத்தோடு தீர்ந்தது. ஆனால் ஓர் அலையின் பிறப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்வது இன்றும் கடினம்தான். மூளையில் எழும் மின்சாரத்தை மண்டையோடு மங்கலாக்கிப் பரப்பிவிடுகிறது. அந்த மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலத்தை மண்டையோடு அவ்வளவாகக் கலைப்பதில்லை. ஆனால் அந்தப் புலமோ பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு மெலிந்தது. இதையெல்லாம்விடப் பெரிய தடையை 1853லேயே ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டிவிட்டார்: வெளியே அளக்கும் ஒரே அளவை, உள்ளே எண்ணற்ற விதமான மின்னோட்டங்கள் உண்டாக்க முடியும்.

அப்படியானால், அலையின் பிறப்பிடம் என்று மூளைப் படத்தில் கணினி காட்டும் சிவப்புப் புள்ளி வெறும் கற்பனைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அது புகைப்படம் அல்ல, ஊகம்; ஆனால் கட்டுப்பாடுள்ள ஊகம். மின்னோட்டம் பெரும்பாலும் மூளைப்புறணியில், அதன் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் நரம்பணுக்களில் எழுகிறது என்பது உடற்கூறு தரும் அறிவு. எம்.ஆர்.ஐ. படம் அந்தப் பரப்பின் மடிப்புகளைக் காட்டுகிறது. தாளம் என்பதும் ஒரு பிடிமானம்: கையை இறுக்கிப் பிடித்திருக்கும்போது தசையில் நொடிக்குச் சுமார் 20 முறை வரும் துடிப்போடு மூளையின் எந்த இடம் இணைந்து துடிக்கிறது என்று தேடலாம். எதிர்ப்பக்க இயக்கப் பகுதியில் விடை விழுகிறது. அந்தக் கையை ஆட்டுவிப்பது அந்த இடமே என்பது வேறு வழியில் ஏற்கெனவே தெரிந்த செய்தி. என்னை நம்பவைப்பது இந்தச் சாட்சியே, படத்தின் அழகு அல்ல.

அதே முறை தவறும் இடமும் உண்டு. இரு காதுகளிலும் ஒரே ஒலி கேட்கும்போது மூளையின் இருபக்கச் செவிப்பகுதிகளும் ஒன்றாகத் துடிக்கும். ஒவ்வோர் இடத்தின் துடிப்பையும் மற்றவற்றிலிருந்து வடிகட்டிப் பிரிக்கும் இந்த முறையின் கணக்கு, இரண்டும் தனித்தனி என்று எடுத்துக்கொள்வதால், இரண்டையுமே மங்கலாக்கிவிடும். இதற்கு மண்டையைத் திறந்து மின்முனை வைப்பதே மேல் என்பார்கள். அது நெருக்கமாகக் காட்டும், உண்மை. ஆனால் வைத்த இடத்தை மட்டுமே காட்டும். நோயில்லாதவருக்கு வைக்கவும் முடியாது. எங்கே வைப்பது என்பதற்கே வெளியிலிருந்து ஒரு துப்பு வேண்டும். வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சையில் இந்தச் சிவப்புப் புள்ளிப் படம் அப்படித்தான் பயன்படுகிறது: அதோடு எம்.ஆர்.ஐ., வலிப்பின் காணொளிப் பதிவு, தேவைப்பட்டால் உள்மின்முனை எல்லாம் ஒரே இடத்தைச் சுட்டுகின்றனவா என்று பார்த்த பிறகே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள்.