இன்னொருவர் பெயர் கட்டிய துப்பாக்கி

கேரள எல்லையோர விவசாயிகளுக்குத் துப்பாக்கிக் கடை வெறும் விற்பனை நிலையம் அல்ல, பெட்டகமும்கூட. அங்கே கடைப்பிடிக்கப்படும் எழுதாத மரியாதைகளுக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது, பயிரும் இருக்கிறது.

தோட்டா வாங்க வந்தவரின் கண் சுவரோரத் தாங்கியில் நிற்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியில் பதிகிறது. தேக்கு நிறக் கட்டை, தேய்ந்து பளபளக்கும் குழல். விசைக் காப்பில் நூலால் கட்டிய சிறு சீட்டு தொங்குகிறது. அதில் ஒரு பெயர், ஒரு லைசென்ஸ் எண், ஒரு தேதி. கை தானாக நீள்கிறது. 'அது வேண்டாம்' என்கிறது கல்லாவுக்குப் பின்னால் இருந்து வரும் குரல். கோபம் இல்லை; ஆனால் பேச்சு அத்தோடு முடிந்தது.

பாலக்காட்டுச் சமவெளியிலோ இடுக்கி மலையிலோ துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி, மறையூர், குமுளி என்று தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் 'தோக்கு' என்பது பெரும்பாலும் அந்தஸ்துக்கான பொருள் அல்ல. நெல்லையும் மரவள்ளியையும் வாழையையும் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க வைத்திருக்கும் கருவி. ஆனால் அந்தக் கருவி எப்போதும் உரிமையாளர் வீட்டில் இருப்பதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், கடையின் இரும்பு அலமாரியில் பெயர்ச் சீட்டோடு காத்திருக்கிறது.

காத்திருக்கும் துப்பாக்கிகள்

காரணங்கள் பல. முதலாவது, விற்றும் கைமாறாத துப்பாக்கி. லைசென்ஸ் கிடைத்தவர் கடைக்கு வந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்பணம் கொடுக்கிறார். மீதிப் பணமோ, ஒரு கையெழுத்தோ பாக்கி இருக்கும். அதுவரை அது கடையின் சரக்கு. ஆனால் வாக்குக் கொடுக்கப்பட்ட சரக்கு.

இரண்டாவது, வாரிசுக்காகக் காத்திருக்கும் துப்பாக்கி. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அவருடைய துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு. மகனோ மகளோ தன் பெயரில் லைசென்ஸ் வாங்கினால் மீட்கலாம். விருப்பமில்லை என்றால் உரியவருக்கு விற்றுப் பணத்தைப் பெறலாம். குறித்த காலத்துக்குள் இரண்டும் நடக்காவிட்டால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு மாவட்ட மாஜிஸ்டிரேட் அதை அரசுடைமையாக்க முடியும். தாத்தாவின் துப்பாக்கியைக் கடையில் விட்டு வரும் குடும்பங்களுக்கு அந்தச் சீட்டிலுள்ள தேதி ஒரு கெடிகாரம்.

இந்தச் சிக்கலுக்கு 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் ஒரு வழி வைத்திருக்கின்றன. லைசென்ஸ்காரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இரண்டில் எது முந்துகிறதோ அப்போது, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு லைசென்ஸ் கேட்க முன்மொழியலாம். மரணத்துக்குப் பிறகு அலைவதைவிட இது எளிது.

மூன்றாவது, 2019-ல் வந்த சட்டத் திருத்தம். அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். திருத்தம் அதை இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் போலீஸிலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று. எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்பது அவர்களுக்குச் சுலபமான முடிவாக இருந்திருக்காது.

நான்காவதுதான் எல்லையோரத்தில் அதிகம் உறுத்துவது: தேர்தல்.

தேர்தலும் பன்றியும்

தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது நாடு முழுவதும் உள்ள வழக்கம். எல்லோரையும் ஒட்டுமொத்தமாக ஒப்படைக்கச் சொல்லக் கூடாது, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசீலிக்க வேண்டும் என்று உயர்நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதற்காக மாவட்டந்தோறும் பரிசீலனைக் குழுவும் உண்டு. ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்தவர் போலீஸ் ஸ்டேஷனுக்கோ கடைக்கோ போக வேண்டியதுதான்.

2024 நாடாளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளலாம். அறிவிப்பு மார்ச் 16. கேரளத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 26. ஆனால் நாடு முழுவதற்குமான வாக்கு எண்ணிக்கை ஜூன் 4. அறிவிப்பிலிருந்து முடிவு வரை 80 நாட்கள். கோடை மழை பெய்து மரவள்ளி நடும் பருவம் அதற்குள் வந்து போய்விடும். பன்றிக்குத் தேர்தல் தெரியாது.

இதன் கனம் 2022-க்குப் பிறகு கூடியிருக்கிறது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைத் தொல்லை விலங்காக அறிவிக்கக் கேரளம் மத்திய அரசைக் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம் மாநில அரசு வேறு வழி கண்டது. ஊராட்சித் தலைவர்கள், நகராட்சித் தலைவர்கள், மேயர்கள் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக்கப்பட்டார்கள். காட்டுக்கு வெளியே பயிரை நாசம் செய்யும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடைத்தது. பின்னர் நீட்டிக்கவும் பட்டது. ஆனால் சுடுவது யார்? லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள். விஷம், வெடி, மின்வேலி எதுவும் கூடாது என்பது நிபந்தனை.

அந்த நிபந்தனைக்குக் காரணம் உண்டு. 2020 மே 27 அன்று பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காடு வனப் பகுதியில் வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே கருவுற்ற யானை ஒன்று இறந்தது. வெடி வைத்த காயைக் கடித்து அதன் வாய் சிதைந்திருந்தது. பன்றிக்காக வைக்கப்படும் இப்படிப்பட்ட வெடி யார் வாயில் வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. லைசென்ஸ் துப்பாக்கி பூட்டிக் கிடக்கும்போது ஊரில் வெடிக்கும் மின்வேலிக்கும் ஆசை வருவதுதான் ஆபத்து. ஒரு ஊராட்சியில் சுடத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்தால், கடை அலமாரியில் சீட்டுக் கட்டி நிற்கும் ஒரே ஒரு துப்பாக்கியும் பொருட்படுத்த வேண்டியதுதான். திரும்பி வரும்போது அது கொடுத்தபடியே இருக்க வேண்டும்.

ஏன் தொடக் கூடாது?

'சும்மா பார்க்கத்தானே கேட்டேன்' என்பது கடைகளில் சகஜமாகக் கேட்கும் வார்த்தை. அதற்குச் சட்டம் சொல்லும் பதில் சுருக்கமானது. லைசென்ஸ் துப்பாக்கிக்கு அல்ல, ஆளுக்கு. லைசென்ஸ் இல்லாத ஒருவர் இன்னொருவரின் துப்பாக்கியைத் தூக்கிச் செல்ல ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் லைசென்ஸ்காரர் உடனிருக்க வேண்டும் அல்லது அவருடைய எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். அதுவும் பழுதுபார்க்க, லைசென்ஸைப் புதுப்பிக்க, அவருடைய உபயோகத்துக்கு என்ற காரணங்களுக்காகத்தான். ஒப்படைத்துவிட்டுப் போனவர் கடையில் இல்லை. அவர் நம்பிக் கொடுத்தது கடைக்காரரிடம், கடைக்கு வரும் எல்லோரிடமும் அல்ல.

கடைக்காரருக்கு இதில் பிழைப்பே அடங்கியிருக்கிறது. ஆயுதங்களை விற்கவும் வைத்திருக்கவும் அவருக்கும் தனி லைசென்ஸ் உண்டு. வந்தது, போனது, எண், பெயர் எல்லாம் ரெஜிஸ்டரில் இருக்க வேண்டும். அதிகாரிகள் எப்போது வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஒரு கீறல் விழுந்தாலோ ஒரு பாகம் உடைந்தாலோ உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சட்டத்தைத் தாண்டிச் சில நடைமுறைக் காரணங்களும் உண்டு. வியர்வைக் கை பட்ட இடத்தில் எஃகு துருப்பிடிக்கும். மலைப் பகுதி ஈரத்தில் இது இன்னும் வேகம். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த குழலில் நாலு பேர் விரல் பதிந்தால் மறுபடி துடைக்க வேண்டும். அடுத்து, தோட்டா இல்லாமல் விசையை இழுத்து 'டிக்' என்று சத்தம் கேட்டுப் பார்க்கும் பழக்கம். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் இது சுடும் ஊசியையும் ஸ்பிரிங்கையும் கெடுக்கலாம். பழகியவர்கள் அதற்குப் போலித் தோட்டா பயன்படுத்துவார்கள். தன் துப்பாக்கியிலேயே யோசித்துச் செய்ய வேண்டியதை அடுத்தவர் துப்பாக்கியில் செய்வது அநாகரிகம்.

இன்னொன்று, யாருடையது என்று கேட்பது. எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, எந்த வீட்டில் இப்போது இல்லை என்பது திருடனுக்குத் தெரியக் கூடாத செய்தி. சீட்டைப் புரட்டிப் பெயர் படிப்பதும் தொடுவதற்குச் சமம்தான்.

கல்லாவில் கைமாறும் முறை

விற்பனைக்கு உள்ளதைப் பார்க்கவும் ஒரு முறை இருக்கிறது. வாடிக்கையாளர் தானாக எடுப்பதில்லை, கேட்கிறார். கடைக்காரர் எடுத்து, குழலைத் தரையையோ ஆளில்லாத சுவரையோ நோக்கித் திருப்பி, மடித்துத் திறந்து, அறைகள் காலி என்பதைத் தன் கண்ணால் பார்த்து, வாங்குபவரும் பார்க்கும்படி காட்டுகிறார். திறந்த நிலையிலேயே கொடுக்கிறார். வாங்குபவர் மறுபடி ஒருமுறை பார்க்கிறார். விரல் விசைக்கு வெளியே. தோளில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் அனுமதி கேட்டு, ஆட்கள் இல்லாத பக்கம் திரும்பி. திருப்பிக் கொடுக்கும்போதும் திறந்தபடியே. தன் துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர் தோட்டாவை முன்பே எடுத்துவிட்டு, உறையில் போட்டுக் கொண்டுவந்து, சொல்லிவிட்டுத் திறக்கிறார்.

இரண்டு பேரும் ஏன் பார்க்க வேண்டும்? கடைக்காரரின் வார்த்தை போதாதா? போதாது. 2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் 'ரஸ்ட்' படத்தின் ஒத்திகையில் குண்டு இல்லை என்று சொல்லி நடிகர் அலெக் பால்ட்வின் கையில் ஒரு ரிவால்வர் கொடுக்கப்பட்டது. உள்ளே உண்மையான தோட்டா இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். படப்பிடிப்பின் ஆயுதப் பொறுப்பாளர் 2024 மார்ச்சில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். பால்ட்வின் மீதான வழக்கு அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடியானது. வழக்கு யார் பக்கம் போனாலும் பாடம் ஒன்றுதான்: சொன்னதை நம்பாதே, திறந்து பார். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரப்பியதே என்று வைத்துக்கொள் என்பது அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் பரப்பிய நான்கு விதிகளில் முதலாவது.

இந்தியாவிலும் இது இப்போது வெறும் மரியாதை அல்ல. 2016 விதிகளின்படி புதிதாக லைசென்ஸ் கேட்பவர் துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்ற சான்றிதழ் காட்ட வேண்டும். வீட்டில் பத்திரமாகப் பூட்டி வைப்பதாக உறுதிமொழியும் தர வேண்டும். அப்பாவிடம் வயல் வரப்பில் கற்ற பழக்கம் இப்போது காகிதத்திலும் கேட்கப்படுகிறது.

வாளையாறு தாண்டினால்

எல்லையோரத்துக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. கொழிஞ்சாம்பாறைக்காரருக்குத் துணி எடுப்பது முதல் ஆஸ்பத்திரி வரை கோயம்புத்தூர் பக்கத்து ஊர். குமுளிக்காரருக்குக் கம்பமும் தேனியும் அப்படியே. ஆனால் துப்பாக்கிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். கேரளம் மட்டும் என்று இருந்தால், தனி அனுமதி இல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு வாளையாறையோ போடிமெட்டையோ தாண்ட முடியாது, பழுதுபார்க்கக்கூட. மரவள்ளிக் காட்டில் பன்றி இரண்டு மாநிலத்திலும் மேய்கிறது. துப்பாக்கி எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறது.

அதனால்தான் தன் மாநிலத்தில், தன் ஊருக்கு எட்டும் தூரத்தில், நம்பிக்கையான கடை ஒன்று இருப்பது இங்கே பெரிய விஷயம். ரெஜிஸ்டரில் எண்ணைச் சரிபார்த்து, ரசீது எழுதி, துடைத்து வைத்து, கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் காட்டாத கடை. அப்படிப்பட்ட கடை இல்லையென்றால் ஒப்படைக்கத் தயங்குவார்கள். தயங்கினால் சட்டத்துக்குப் புறம்பாகத் துப்பாக்கி வீட்டில் தங்கும். இறந்துபோன தந்தையின் துப்பாக்கி பரணில் கிடப்பது எப்படி ஆரம்பிக்கிறது என்றால் இப்படித்தான்.

முடிவுகள் வந்தபின் ஒருநாள் உரிமையாளர் வருகிறார். ரசீதை நீட்டுகிறார். கடைக்காரர் நூலை அறுத்து, குழலைக் கீழே தாழ்த்தி, திறந்து காட்டிக் கொடுக்கிறார். தன்னுடையதேயானாலும் அவர் உள்ளே பார்க்கிறார். பிறகு கட்டையை ஒருமுறை தடவிப் பார்க்கிறார். புதுக் கீறல் எதுவும் இல்லை. அந்த வாரமே பன்றி வரலாம்.