ஒயிட்டா, ஆஃப்-ஒயிட்டா?

அமெரிக்காவில் விலை உயர்ந்த பழைய காமிக்ஸ் ஏலத்துக்கு வந்தால், கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடி முத்திரையிட்டுத்தான் பெரும்பாலும் வரும். உறையின் தலையில் ஒரு லேபிள் இருக்கும். அதில் பெரிதாக ஓர் எண்: 9.4, 8.0, 2.5 என்று பத்துக்கு இவ்வளவு. அதே லேபிளில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருக்கும், தாளின் நிறம் என்ன என்று. வாங்குகிறவர்கள் எண்ணைப் பார்ப்பார்கள். நான் அந்தச் சின்ன வரியைத்தான் முதலில் தேடுவேன். காகித ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். கண் வேறெங்கே போகும்?

நியூஜெர்சியில் இருக்கும் என் மகளின் கணவருக்கு இந்தக் காமிக்ஸ் பைத்தியம் உண்டு. அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு பழைய இதழை விரித்து என் முன்னால் வைத்தார். "அத்தை, இது ஒயிட்டா, ஆஃப்-ஒயிட்டா? நீங்க பேப்பர் மில்லுல இருந்தவங்களாச்சே."

"எந்த வெளிச்சத்துல பார்க்கிறீங்க மாப்பிள்ளை?" என்றேன். அவர் மேலே இருந்த மஞ்சள் பல்பைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

கேள்வி சிரிப்பதற்கு இல்லை. அந்த ஒரு படி வித்தியாசத்தில் அங்கே பெரும்பணம் புரள்கிறது. சூப்பர்மேன் முதன்முதலாக வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938-ல் பத்து சென்ட். அதில் 9.0 தரம் பெற்ற ஒரு பிரதி 2014-ல் இணைய ஏலத்தில் 32 லட்சம் டாலருக்குமேல் போனது. விற்றவர் முன்னிறுத்திய சிறப்புகளில் ஒன்று, உள்ளே பக்கங்கள் வெள்ளையாகவே இருக்கின்றன என்பது. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலான நியூஸ்பிரிண்ட் வெள்ளையாக இருப்பது லேசான காரியம் இல்லை.

ஏன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் மரத்தில் இருந்து தொடங்க வேண்டும். அந்தக் காலத்துக் காமிக்ஸின் உள்பக்கங்கள் செய்தித்தாள் காகிதம். மரக்கட்டையைக் கல்லில் வைத்து அரைத்து எடுத்த கூழ்தான் அதில் பெரும்பங்கு. அப்படி அரைக்கும்போது மரத்தில் இருக்கும் லிக்னின் என்கிற பிசின் போன்ற பொருளும் கூழோடு சேர்ந்து தாளுக்குள் வந்துவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பாகும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அமிலம். மை பரவாமல் இருக்கத் தாளில் படிகாரமும் ரோசினும் சேர்ப்பது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வந்த வழக்கம். படிகாரம் தாளை அமிலமாக்கும். அமிலம் செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக்கும். பழுப்பும் மொரமொரப்பும் சேர்ந்தே வருவதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். நிறம் மாறியும் துணிபோல் வளைகிற தாள் உண்டு. பார்க்க வெளுப்பாக இருந்து மடிப்பில் உதிர்கிற தாளும் உண்டு.

தாளைக் காப்பாற்றுவது குளிர்ச்சியும் வறண்ட காற்றும் இருட்டும். காமிக்ஸ் உலகத்தின் புகழ்பெற்ற புதையல் எட்கர் சர்ச் என்ற விளம்பர ஓவியரின் சேகரிப்பு. 1977-ல் சக் ரோசன்ஸ்கி என்ற வியாபாரி கொலராடோ மாநிலத்தின் டென்வரில் அதைக் கண்டெடுத்தார். பதினெட்டாயிரத்துக்குக் குறையாத புத்தகங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள, ஈரம் குறைந்த ஊர் அது. புத்தகங்களை நெருக்கமாக அடுக்கி வைத்திருந்ததால் ஓரங்கள் தவிர வேறெங்கும் காற்று புகவில்லை. இன்றைக்கும் 'சர்ச் பிரதி' என்றால் உள்ளே தாள் வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்த்தே வாங்குகிறார்கள்.

ஆனால் இந்த 'வெள்ளை' எந்த வெள்ளை? ஆய்வகத்தில் தாளின் பிரைட்னஸை அளக்க 457 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைப் பாய்ச்சி, நூற்றுக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்போம். மஞ்சள் நீலத்தை விழுங்கும் என்பதால் பழுப்பு ஏறுவது முதலில் அங்கேதான் தெரியும். புத்தம்புதிய நியூஸ்பிரிண்ட்டே அறுபதை ஒட்டித்தான் இருக்கும். ஜெராக்ஸ் தாள் தொண்ணூறைத் தாண்டும். அதுவும் நேர்மையான வெள்ளை இல்லை. அதில் கலந்திருக்கும் ஒளியேற்றும் ரசாயனம் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாகத் திருப்பித் தருகிறது. ஜெராக்ஸ் தாளைப் பக்கத்தில் வைத்து 1940-ன் காமிக்ஸைப் பார்த்தால் எல்லாமே பழுப்புதான். பழுத்த பிரதிக்குப் பக்கத்தில் வைத்தால் கிரீம் நிறத் தாளும் ஒயிட்டாகிவிடும். கண் ஒப்பிட்டுத்தான் பார்க்கும்; அளக்கத் தெரியாது.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட்டும் ஒருவர். டென்னசி மாநிலத்தின் கிளீவ்லேண்டில் இருந்து 1970-ல் காமிக்ஸ் விலைப் பட்டியலை வெளியிடத் தொடங்கியவர். 1992-ல் கேரி கார்ட்டருடன் சேர்ந்து தரம் பிரிப்பதற்கென்றே ஒரு கையேடு போட்டார். அதோடு ஓர் அட்டையும் வந்தது. வெள்ளையில் இருந்து பழுப்பு வரை நிறங்கள் படிப்படியாக அச்சிட்டிருக்கும். பக்கத்தோடு ஒட்டி வைத்து எந்தப் படி என்று பார்க்க வேண்டும். அதற்கு 'ஓவர்ஸ்ட்ரீட் ஒயிட்னஸ் லெவல்' என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆந்தை. அருமையான யோசனை. ஆனால் அந்த அட்டையும் காகிதம்தானே, அதுவும் பழுக்குமே என்று ஆய்வகக்காரி மனசு கேட்காமல் இருக்குமா?

2000-ல் சிஜிசி என்ற தரச்சான்று நிறுவனம் வந்தபின் ஆட்டம் மாறியது. ஒயிட், ஆஃப்-ஒயிட்டில் இருந்து ஒயிட், ஆஃப்-ஒயிட், கிரீமில் இருந்து ஆஃப்-ஒயிட் என்று இறங்கி, டேன் (இளம்பழுப்பு), பிரிட்டில் (உதிர்கிற தாள்) வரை போகிற பெயர்களை அவர்கள் லேபிளில் தனி வரியாகப் போடுகிறார்கள். ஓவர்ஸ்ட்ரீட் முறையில் தாளின் நிலையும் தரத்துக்குள்ளேயே அடக்கம்: மேல்தரத்துக்குத் தாள் வெளுப்பாக, வளைந்துகொடுப்பதாக இருக்க வேண்டும், நடுத்தரத்தில் பழுப்பு இருக்கலாம், உதிரக்கூடாது, உதிர்ந்தால் கடைசி வரிசை. சிஜிசியில் அட்டை பளபளவென்று இருந்து உள்ளே கிரீம் நிறமாக இருந்தாலும் பெரும்பாலும் எண் குறைவதில்லை. தாள் உதிரத் தொடங்கினால்தான் எண்ணிலும் அடி விழும்.

என் ஓட்டு தனி வரிக்குத்தான். கிழிசலும் மடிப்பும் கைகள் செய்தவை. நிறம், புத்தகம் இருந்த அறை செய்தது. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் கலந்தால் இரண்டுமே தெரியாமல் போகும். தனி வரியைக் கண்ணை நம்பி எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. நிறத்தை அளக்கும் கையடக்கக் கருவி இன்று சாயப்பட்டறையிலும் பெயின்ட் வியாபாரத்திலும் சாதாரணம். பக்கத்தின் மேல் மெதுவாக வைத்து எடுத்தால் எண் கிடைத்துவிடும், தாளுக்கு ஒரு கேடும் இல்லை. 32 லட்சம் டாலர் பண்டத்துக்கு அதைக்கூடச் செய்யாமல் 'ஒயிட்' என்று எழுதுவது எங்கள் ஆலையில் நடக்காது.

அடுத்தது, தாள் மறுபக்கத்தைக் காட்டிக்கொடுப்பது. 1960-களின் சில இதழ்களில், வெள்ளை அட்டையின் பின்னால் இருக்கும் விளம்பரம் முன்பக்கம் நிழலாகத் தெரியும். பலகாரக் கடையில் பஜ்ஜியை வைத்துக் கொடுக்கும் தாளில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஊடு தெரியுமே, அதே சங்கதிதான். இழை தானாக வெள்ளை இல்லை. இழைக்கும் இடையில் உள்ள காற்றுக்கும் ஒளி முறிவதில் வித்தியாசம் அதிகம் என்பதால் ஒளி சிதறுகிறது; சிதறுவதால் தாள் வெள்ளையாகவும் மறைப்பாகவும் தெரிகிறது. அந்தக் காற்றுக்குழிகளில் மையின் எண்ணெய் நிறைந்துவிட்டால் சிதறல் போய்விடும், மறுபக்கம் தெரியும்.

தாள் மெலிதாக இருப்பதாலும் மறுபக்கம் தெரியலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அட்டையைத் திறந்து அதன் அடியில் கறுப்புத் தாள் ஒன்றை வையுங்கள். மறுபக்கத்து நிழல் மங்கினால் தாள் மெலிவுதான் காரணம், அது அச்சிட்ட நாளிலேயே இருந்தது. கறை அப்படியே நின்றால் மை எண்ணெய் இறங்கியிருக்கிறது, அது வயதின் வேலை. பிறப்பிலேயே வந்ததற்கு மதிப்பெண் குறைக்கலாமா என்று சேகரிப்பாளர்கள் சண்டை போடுகிறார்கள். இந்தச் சோதனையைச் செய்துவிட்டுச் சண்டை போட்டால் பாதி முடிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த முரண் இங்கேதான் இருக்கிறது. அரைத்த கூழில் பொடி இழைகள் நிறைய. பொடி அதிகமானால் ஒளிச் சிதறலும் அதிகம். சதுர மீட்டருக்கு ஐம்பது கிராம் சுமார் எடையில், இரண்டு பக்கமும் நாலு வண்ணத்தில் அடித்தும் காமிக்ஸ் படிக்க முடிந்ததற்குக் காரணம் அந்த மட்டமான கூழ்தான். லிக்னினை எடுத்து வெளுத்த நல்ல கூழில் அதே எடைக்குத் தாள் செய்தால் வெள்ளையாக இருக்கும், மறைப்புக் குறையும். கால்சியம் கார்பனேட்டோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ சேர்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும். இன்னும் கேளுங்கள்: தாள் பழுக்கப் பழுக்க ஒளியை விழுங்குவது கூடுவதால் கருவியில் அதன் மறைப்பு எண் சற்று ஏறவே செய்யும். வெள்ளையும் மறைப்பும் கைகோத்துப் போகிறவை இல்லை. லேபிளில் இருப்பதோ வெள்ளை மட்டும்.

வெள்ளைக்கு விலை வந்தால் வெளுக்கிறவர்களும் வருவார்கள். தண்ணீரில் கழுவுவது, ரசாயனம் போட்டு வெளுப்பது, போன பக்கத்துக்குப் புதுப் பக்கம் சேர்ப்பது எல்லாம் நடக்கிறது. மீட்டெடுப்பு வேலை செய்தது தெரிந்தால் சிஜிசி ஊதா லேபிள் ஒட்டும், விலை சரியும். புற ஊதா விளக்கு இதில் நல்ல சாட்சி. ஒளியேற்றும் ரசாயனம் சேர்த்த இன்றைய தாள் அதன் கீழ் நீலமாக மின்னும். 1940-ன் நியூஸ்பிரிண்ட் மின்னாது.

மாப்பிள்ளையின் இதழை மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நடுப்பக்கம் ஆஃப்-ஒயிட், ஓரம் கிரீம். முதல் பக்கத்து மை ஒட்டி அட்டையின் உட்புறத்தில் மஞ்சள் கறை. அவர் ஒயிட் என்று குறித்து வைத்திருந்ததை முகம் சுளிக்காமல் அடித்து மாற்றிக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸ் இதழ்கள் ஏதாவது கிடக்கலாம். வெளுக்கட்டும் என்று வெயிலில் போடாதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பிவிசி உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை போடுங்கள். விற்கிறதாக இருந்தால் 'வெள்ளைத் தாள்' என்று நீங்களே எழுதிவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில் நடுப்பக்கத்தையும் ஓரத்தையும் ஒரே படத்தில் எடுத்து அனுப்புங்கள்; வாங்குகிறவர் பார்த்து முடிவு செய்யட்டும்.