திருக்கைத் தொட்டியில் எந்த மீனை விடலாம்?

கப்பி, மோலியில் தொடங்கி, கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், ஆஸ்கர் என்று வளர்ந்துவிட்ட வண்ண மீன் பண்ணைக் குடும்பங்கள் அடுத்ததாகக் கண் வைப்பது நன்னீர்த் திருக்கை மீது. கடைக்காரர்கள் ‘ஸ்டிங் ரே’ என்பார்கள். அதில் சில ரகங்களின் ஜோடி விலை ஒரு நல்ல கறவை மாட்டின் விலைக்கு நிற்கும். பெரிய தொட்டி கட்டி, அவ்வளவு பணம் போட்டு ஒரு ஜோடி வாங்கியதும் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். திருக்கை அடியில்தானே படுத்துக் கிடக்கிறது, மேல் தண்ணீர் சும்மா இருக்கிறதே, வேறு நாலு மீனை விட்டால் என்ன? விடலாம். ஆனால் திருக்கைகள் செத்துப்போவதில் பெரும்பங்கு இந்த நாலு மீன் விவகாரத்தில்தான்.

முதலில் ஒன்று. நம் கடலோரத்தில் வலையில் வரும் திருக்கை வேறு, இது வேறு. நன்னீர்த் திருக்கைகளின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோகோ, பரானா ஆறுகள். இவற்றின் முன்னோர் கடலிலிருந்து வந்தவைதான் என்றாலும், இவை இன்று கடல் நீரில் பிழைக்காது. அதுபோல, மீனவரிடம் உயிரோடு வாங்கி வந்த கடல் திருக்கையைத் தொட்டி நீரில் பழக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடித்தளம் திருக்கைக்கே

கூட்டு மீன் வளர்ப்பு செய்பவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. குட்டையில் கட்லா மேல் மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒன்றின் தட்டில் மற்றொன்று கை வைப்பதில்லை. திருக்கைத் தொட்டிக்கும் அதே கணக்குதான். அடி முழுவதும் திருக்கைக்கு. துணை மீன் நடுவிலோ மேலேயோ நீந்துவதாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் முதலில் தள்ளுபடி ஆவது சக்கர் மீன். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி எல்லாக் கடையிலும் கட்டிக் கொடுப்பது இதைத்தான். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டும் அதே வாயால், இரவில் அசையாமல் படுத்திருக்கும் திருக்கையின் முதுகில் ஏறி வழவழப்பைச் சுரண்டும். திருக்கைக்குச் செதில் கவசம் கிடையாது. உடல் முழுவதும் மெல்லிய தோலும் அதன் மேல் வழவழப்பும்தான். அது போன இடத்தில் புண்; புண்ணில் பூஞ்சணம். காலையில் பார்க்கும்போது முதுகில் வட்ட வட்டமாக வெளுத்திருந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம். தொட்டியைச் சுத்தம் செய்வது ஃபில்டரின் வேலை, வளர்ப்பவரின் வேலை. (எடுத்த சக்கர் மீனை ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். நம் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகி, நாட்டு மீன்களுக்குத் தொல்லையாக நிற்கிறது.)

பெரிய கெளுத்தி வகைகளும் ஆகாது. ரெட் டெயில் கெளுத்தி குட்டியாக இருக்கும்போது சாதுவாகத் தெரியும். வளர்ந்தால் வாய்க்குள் போகிற எதையும் விழுங்கும். ஃபிளவர்ஹார்ன் தன் எல்லைக்குள் எதையும் விடாது. டைகர் பார்ப் போன்றவை ஓரத்தைக் கடித்துக் கடித்தே திருக்கையை ஓய்த்துவிடும். பஃபர் மீன், நண்டு, ஆமை பற்றிச் சொல்லவே வேண்டாம். நியான் டெட்ரா, கப்பி போன்ற பொடி மீன்களுக்கு நிலைமை தலைகீழ். அவை திருக்கைக்கு இரை.

ஒத்துப்போகிறவை

அதே அமேசான் நீரில் பிறந்த சில்வர் டாலர் பெரும்பாலும் ஒத்துப்போகும். கூட்டமாக நடு நீரில் நீந்தும், இலை தழை தின்னும். ஆறேழு மீன் சேர்ந்தே விட வேண்டும். ஒன்றிரண்டாக விட்டால் மிரண்டு சுவரில் மோதும். சில்வர் அரோவானா மேல் மட்டத்தை விட்டு இறங்காது, அதனால் நல்ல ஜோடி. ஆனால் அது மூன்றடி நீளம் வரை வளரும், மூடி இல்லாவிட்டால் துள்ளி வெளியே விழும். அதற்குத் தகுந்த இடம் இருந்தால் மட்டும். செவரம் சாதுவானது. ஜியோபேகஸ் மண்ணைச் சலித்துத் தின்னும் மீன் என்பதால் தீனிக்குப் போட்டி உண்டு. சண்டை பெரிதாக இல்லை. டிஸ்கஸுக்கும் திருக்கைக்கும் 28 டிகிரியை ஒட்டிய வெப்பம் பொருந்தும் என்றாலும், டிஸ்கஸ் மெதுவாகத் தின்னும் மீன். இரண்டு விலை உயர்ந்த மீன்களை ஒரே தொட்டியில் வைத்து ஒன்றைப் பட்டினி போடுவானேன்?

எதை விட்டாலும், தொட்டியின் உயரத்தைப் பார்க்காமல் தரைப் பரப்பைப் பாருங்கள். ஒரு சிறிய ரகத் திருக்கை வளர்ந்து நிற்கவே ஆறடி நீளம், மூன்றடி அகலம் வேண்டும். சிமென்ட் தொட்டியில் சொரசொரப்பான தரை வயிற்றைக் கிழிக்கும், நுண்மணல் பரப்பலாம். ஹீட்டர் போடுகிறவர்கள் அதற்கு வலைக்கூடு மாட்ட வேண்டும். திருக்கை அதன் மேலேயே படுத்து வெந்துபோகும்.

பசியும் நோயும்

திருக்கைக்குக் கண் மேலே, வாய் கீழே. தின்னும் தீனியை அது பார்ப்பதில்லை. மோப்பத்தாலும், இரையிடமிருந்து வரும் மெல்லிய மின் துடிப்பாலும் தேடிக் கண்டுபிடிக்கும். அதற்குள் மேல் மீன்கள் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எனவே முதலில் மிதக்கும் தீனியை ஒரு மூலையில் போட்டு மற்றவற்றின் வயிற்றை நிரப்புங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கழுவிய மண்புழுவையும் நறுக்கிய இறாலையும் திருக்கையின் அருகே அடியில் போடுங்கள். வாலடியில் இடுப்பெலும்பு துருத்தித் தெரிந்தால் அது பல நாள் பட்டினி. ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டால் நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. உடனே தண்ணீரின் அம்மோனியாவைச் சோதித்துப் பகுதி நீரை மாற்ற வேண்டும். திருக்கை நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன். துணை மீன் கூடக் கூட அம்மோனியாவும் கூடும். இரவில் மின்சாரம் நின்றால் ஏரேட்டருக்கு பேட்டரி இல்லாத பண்ணை இதில் இறங்கவே கூடாது.

பலரும் நினைத்துப் பார்க்காதது நோய். மற்ற மீனுக்கு வெண்புள்ளி வந்தால் மருந்து விடுகிறோம். திருக்கை இருக்கும் தொட்டியில் அப்படி விட முடியாது. தாமிரம் கலந்த மருந்து அதற்கு விஷம். ஆகவே துணை மீன் கடித்தால் மட்டும் ஆபத்து என்றில்லை, அது கொண்டுவரும் மீன் பேனும் நங்கூரப் புழுவும் பெரிய ஆபத்து. புதிதாக வாங்கிய எந்த மீனையும் குறைந்தது மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். உயிருள்ள மீனைத் தீனியாகப் போடும் பழக்கத்தையும் இதற்காகவே விட வேண்டும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

*குட்டி எடுத்து விற்க நினைக்கிறோம். துணை மீன் எது நல்லது?*

எதுவும் வேண்டாம். திருக்கை முட்டையிடாது, குட்டி போடும். அரோவானா போன்ற பெரிய மீன் இருந்தால் அந்தக் குட்டி விடிவதற்குள் காணாமல் போகும். சேரும்போது ஆண் பெண்ணின் ஓரத்தைக் கடிக்கும். அந்தப் புண் ஆற அமைதியான தொட்டி தேவை. ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் விடுவதும் தவறு. வாலின் அடியில் இரு பக்கமும் விரல் போல நீண்டிருந்தால் ஆண். மேல் தண்ணீர் வீணாகிறதே என்கிற கணக்கு அழகுக்கு வளர்ப்பவருக்குச் சரி, குட்டியை நம்பி முதல் போட்டவருக்கு நஷ்டக் கணக்கு.

*வால் முள் குத்தினால் என்ன செய்வது?*

முள்ளில் விஷம் உண்டு, வலி கடுமையாக இருக்கும். அந்த விஷம் சூட்டில் சிதையும். தாங்கக்கூடிய வெந்நீரில் அடிபட்ட இடத்தை முக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். நீரின் சூட்டை அடிபடாத கையால் பார்த்துக்கொள்ள வேண்டும். முள் ஆழமாகப் பதிந்திருந்தால் வீட்டில் பிடுங்காதீர்கள். தொட்டிக்குள் குழந்தைகள் கை விடாதபடி மூடி போடுவது முதல் வேலை.

*உரிமம் ஏதும் வேண்டுமா?*

வனவிலங்கு வணிகத்தை முறைப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் மாநாடு 2022-ல் பனாமாவில் நடந்தது. ஏழு நன்னீர்த் திருக்கை இனங்கள் அதன் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளியுள்ள லியோபோல்டி அதில் ஒன்று. அதே ஆண்டு திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும், குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். வாங்கும்போதே இனத்தின் பெயர் எழுதிய ரசீதும், விற்பவரின் பதிவு நகலும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.