இல்லத்தில் உருவாகும் வானூர்தி

மண்ணிற் பிறந்த மனிதன் விண்ணிற் பறக்க விழைந்த வரலாறு மிகப் பழையது. சீவகசிந்தாமணியிலே சச்சந்த மன்னன், தனக்கு வரவிருக்கும் இடரை எண்ணி, வல்லான் ஒருவனைக் கொண்டு மயிற்பொறி ஒன்றை இயற்றுவிக்கின்றான். இயற்றுவித்த பின்னர் அரசி விசயையை அதிலேற்றிச் செலுத்தவும் பழக்குகின்றான். கதையே எனினும் இதனுள் ஓர் உண்மை பொதிந்து கிடக்கின்றது. பறக்கும் பொறியைச் செய்தல் ஒரு கலை. செய்ததை அறிந்து கையாளுதல் மற்றொரு கலை. இரண்டனுள் ஒன்று குறையினும் பொறி உயிரைக் காவாது.

பொறியைச் செய்தவன் ஒருவன், ஏறியவள் மற்றொருத்தி என்பது அக்காப்பியத்தின் அமைப்பு. செய்தவனே ஏறுவானாயின் எவ்வாறிருக்கும்? மேலைநாடுகளிலே ஆசிரியர், வைத்தியர், தச்சர், எழுதுவினைஞர் எனப் பல தொழில் புரிவோர், தம் வீட்டின் மோட்டார்க் கொட்டகையிலே சிறு வானூர்திகளைக் கட்டி, அவற்றிலேறிப் பறந்து வருகின்றனர். இஃது எங்ஙனம் இயல்வதாயிற்று, எத்தகைய கட்டுப்பாடுகளின்கீழ் இயல்கின்றது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

வானூர்தி தோன்றிய காலத்தில் அனைத்தும் வீட்டிற் செய்த ஊர்திகளே எனலாம். 1903 ஆம் ஆண்டிற் பறந்த றைற் சகோதரரின் ஊர்தி, துவிச்சக்கரவண்டிக் கடையொன்றின் பட்டறையிலே உருவாயிற்று. பிரேசில் நாட்டவரான சந்தோஸ் துமோன் என்பார், மூங்கிலையும் துணியையுங் கொண்டு தாம் ஆக்கிய சிற்றூர்தியின் வரைபடங்களை, உரிமை பாராட்டாது, விரும்பியோர் யாவரும் பயன்கொள்ளுமாறு விடுத்தார். எனினும், பொதுமக்கள் பெருந்தொகையினராய் இம்முயற்சியில் ஈடுபட்டமைக்குக் காரணராயிருந்தவர் பிரான்சு நாட்டு ஹென்றி மீஞே என்பவரே.

மீஞே கல்லூரியிற் பயின்ற வானூர்திப் பொறியியலாளர் அல்லர். அக்கால ஊர்திகளைச் செலுத்துதல் அவருக்குக் கைவரவில்லை. குறை தம்மிடத்தன்று, ஊர்தியின் அமைப்பிலேயே உள்ளது என அவர் கருதினார். ஆகவே, காலாற் செலுத்தும் மிதிகளையும் செட்டை நுனிகளிலுள்ள அசையும் மடல்களையும் நீக்கி, ஒன்றன்பின் ஒன்றாக இரு செட்டைகளைக் கொண்ட புதியதோர் ஊர்தியைச் சமைத்தார். முன்செட்டை கீல்போன்ற அச்சொன்றில் அசையும். கைப்பிடியைப் பின்னே இழுத்தால் அச்செட்டையின் சாய்வு மிகுந்து ஊர்தி எழும்; முன்னே தள்ளினால் தாழும். 1933 ஆம் ஆண்டு செப்தெம்பரிற் பறந்த இவ்வூர்திக்கு அவரிட்ட பெயர் 'வானத்துப் பேன்' என்னும் பொருளது. ஆங்கிலேயர் அதனைப் 'பறக்கும் தெள்ளு' என அழைத்தனர். ஒட்டுப்பலகை, துணி, சிறிய மோட்டார் என்பனவே அதற்கு வேண்டியவை. 1934 இல் மீஞே வெளியிட்ட நூல் விரைவில் விற்றுத் தீர்ந்தது. 1935 இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. அவ்வாண்டு ஓகத்து மாதம் மீஞே தம் ஊர்தியிலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது மக்களின் ஆர்வம் கரை கடந்தது. பெட்டி செய்யத் தெரிந்தவன் வானூர்தியும் செய்யலாம் என்னும் எண்ணம் எங்கும் பரவிற்று.

அதன்பின் நிகழ்ந்தவை துயரந் தருவன. 1935, 1936 ஆம் ஆண்டுகளிலே பிரான்சிலும் இங்கிலாந்திலும் தெள்ளுகள் சில, தலைகீழாய்ப் பாய்ந்து நிலத்தில் மோதின, செலுத்தியோர் மாண்டனர். அவர்கள் கைப்பிடியை இழுக்காது விட்டவர் அல்லர். இழுத்தும் ஊர்தி நிமிரவில்லை. காரணம் யாது? முழு அளவான ஊர்தியையே பெரிய காற்றுச் சுரங்கங்களில் நிறுத்தி, இங்கிலாந்திலே பான்பரோவிலும் பிரான்சிலே சலே-மெதோனிலும் ஆராய்ந்தனர். கைப்பிடியை முற்றாகப் பின்னே இழுக்கும்போது முன்செட்டையின் பின்விளிம்பு தாழ்ந்து, பின்செட்டையின் முன்விளிம்பை நெருங்குகின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியாற் காற்று விரைந்து பாய்வதனாற் பின்செட்டையின் தூக்குவிசை அதிகரிக்கின்றது. பின்புறம் மேலெழ, மூக்கு மேலும் தாழ்கின்றது. ஓரளவு செங்குத்தாக மூக்குத் தாழ்ந்துவிட்டால், அதனை நிமிர்த்தும் ஆற்றல் கைப்பிடிக்கு இல்லாதொழிகின்றது. உயிர் காக்கவென இழுத்த இழுப்பே உயிரைக் கொள்ளும் செயலாய் முடிந்தமை எத்துணைக் கொடுமை!

இங்கு மாந்தவர் ஆணியைப் பிழையாக அறைந்தமையால் மாண்டாரல்லர். கைத்திறனிலும் ஊக்கத்திலும் அவர்க்குக் குறைவில்லை. ஆனால், பொறி எந்த எல்லைவரை ஏவலுக்கு அடங்கும் என்பதைச் செய்தவரும் அறியவில்லை. செய்யக் கற்பித்தவரும் அளந்து பார்க்கவில்லை. செட்டைகளின் இடைவெளியும் பாரம் அமைந்த இடமும் சிறிது வேறுபடினும் விளைவு பெரிது என்பது பின்னரே தெளிவாயிற்று. மீஞே தம் அமைப்பைத் திருத்தி மேலும் பல ஊர்திகளை ஆக்கினார். எனினும், 'எளிது' என்ற ஒரு சொல்லை நம்பிப் பறந்தோர் மீளவில்லை.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் இம்முயற்சி வேறொரு நெறியில் வளர்ந்தது. 1953 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வோக்கி நகரிலே, போல் பொபெரெஸ்னி என்பவரின் முயற்சியால், வீட்டில் ஊர்தி கட்டுவோர் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. பரிசோதனை வானூர்திச் சங்கம் எனப் பெயர்பெற்ற அது, தனித்தனியே உழைத்தோரை ஒன்றுசேர்த்து, ஒருவர் கண்ட பிழையை மற்றவரும் அறியச் செய்தது. இங்கிலாந்திலும் 1946 இல் அத்தகைய சங்கமொன்று தோன்றிற்று. அதன் மேற்பார்வையாளர், வேலை நடைபெறும் ஒவ்வொரு கட்டத்திலும் நேரிற் சென்று பார்வையிடுவர். உட்புறத்தை மூடுமுன் அவர் கண்டு ஒப்பமிடல் வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் இத்தகைய ஊர்தியைப் பரிசோதனை ஊர்தி என வகுக்கின்றது. அதன் ஆக்கவேலையிற் பெரும்பகுதியை, அஃதாவது பாதிக்கு மேற்பட்டதை, தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ முயலும் தனியாரே செய்திருத்தல் வேண்டும் என்பது விதி. தொழிற்சாலை ஊர்திக்குரிய தரங்களுக்கு இவ்வூர்தி அமையவில்லை என்னும் எச்சரிக்கை, உடன்செல்வோர் காணுமாறு உள்ளே எழுதப்பட்டிருக்கும். அருகில் மகனோ மனைவியோ அமரும்போதும் அவ்வெழுத்து அங்கேயே இருக்கும். கட்டியவன் ஏற்றுக்கொண்ட பொறுப்பு எத்தகையது என்பதை விளக்க வேறு உரை வேண்டியதில்லை.

இனி, பாகத்தொகுதி என்பதன் இயல்பை நோக்குவாம். முற்காலத்தவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு மரத்தையும் உலோகத்தையும் தாமே தேடி அறுத்தனர். இக்காலத்தவருக்கோ தகடுகளும் சட்டங்களும் அளவாக வெட்டப்பட்டும், துளைகள் இடப்பட்டும் பெட்டிகளில் வந்து சேர்கின்றன. மரத்தாலும், நுரைப்பொருளின்மேற் கண்ணாடியிழையைப் பசையிட்டுப் போர்த்தும் செய்வன உள. எனினும், அலுமினியக் கலப்புலோகத் தகடுகளாற் செய்வனவே பெருவழக்கு. அமெரிக்கரான றிச்சாட் வான்குறுன்ஸ்வன் 1973 இல் நிறுவிய நிறுவனத்தின் தொகுதிகளிலிருந்து மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்திகள் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்துள்ளன.

வேலை பெரும்பாலும் வாற்பகுதியில் ஆரம்பமாகும். அது சிறியது, செலவு குறைந்தது, பயில்பவன் தன் பொறுமையை அளந்தறிதற்கும் ஏற்றது. தகடுகளை இணைப்பன ரிவெற் எனப்படும் தறையாணிகள். ஓர் ஊர்திக்கு அவை பல்லாயிரம் வேண்டும். துளையின் விளிம்பிலுள்ள பிசிரை நீக்கி, தகடுகளைத் தற்காலிகக் கௌவிகளாற் சேர்த்துப் பிடித்து, ஆணியைச் செலுத்தி, ஒருபுறம் காற்றமுக்கத்தால் இயங்கும் சுத்தியலும் மறுபுறம் உருக்குக் கட்டையும் வைத்து அறைதல் முறை. அறையப்பட்ட தலையின் விட்டம் ஆணித்தண்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கும், உயரம் அதிற் பாதியும் இருத்தல் நன்று. மிகையாக அறைந்தால் தலை நசுங்கும். குறைவாக அறைந்தாற் பிடிப்பு இராது.

ஓர் ஆணி கெட்டால் ஊர்தி விழுந்துவிடுமோ என மாணவர் வினவலாம். விழாது. ஆயினும், துளை விளிம்பில் நீக்காதுவிட்ட பிசிரும் தகட்டில் விழுந்த கீறலும் சிறு வெடிப்புகளுக்குத் தோற்றுவாயாகும். பறக்குந்தோறும் செட்டை மேலுங் கீழுமாய் வளைந்து நிமிர்வதால் அவ்வெடிப்பு இம்மியளவாய் வளரும். இதனை உலோகக் களைப்பு என்பர். 2023 ஆம் ஆண்டளவிலே, தொகுதி விற்கும் நிறுவனமொன்று, தகடுகளின் துளைகளை வழக்கமான முறையில் இடாது லேசர்க் கதிரால் வெட்டி அனுப்பியபோது, ஆணித்தலை அமர்வதற்காகத் துளையைக் குழித்த இடத்தே வெடிப்புகள் தோன்றக் கண்டனர். எங்கும் பரவி வாழும் கட்டுநர் கொட்டகைகளிலே துளை விளிம்புகளை உற்றுநோக்கியமையாலும், கண்டதை மறையாது உரைத்தமையாலும் அக்குறை பலரறிய வெளிப்பட்டது. பாகம் தொழிற்சாலையிலிருந்து வந்ததென்பது ஆராயாமைக்கு ஒரு காரணமாகாது.

ஊர்தியின் உருவம் முடிந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. அளவிடும் வேலை அப்பொழுதே தொடங்குகின்றது. மூன்று சில்லுகளின் கீழும் தராசு வைத்து நிறுத்து, புவியீர்ப்பு மையத்தைக் கணித்தல் வேண்டும். உதாரணமாக, மூக்கு நுனியிலிருந்து 1 மீற்றர் தூரத்திலுள்ள முன்சில்லு 100 கிலோகிராமையும், 2.5 மீற்றர் தூரத்திலுள்ள இரு பின்சில்லுகளும் சேர்ந்து 300 கிலோகிராமையும் தாங்குகின்றன எனக் கொள்வோம். திருப்புதிறன்களின் கூட்டுத்தொகை 100 உம் 750 உம் சேர்ந்த 850. அதனை மொத்தப் பாரமாகிய 400 ஆல் வகுக்க, மையம் மூக்கிலிருந்து 2.125 மீற்றர் தூரத்தில் உளது எனப் பெறுவோம். எங்கள் மாணவர் பௌதிக வகுப்பில் மீற்றர்ச் சட்டத்தைக் கத்தி முனையிற் சமப்படுத்திக் கற்கும் பாடமே இது. ஆனால் இங்கே விடை பிழைத்தாற் குறைவது புள்ளியன்று. மையம் மிகப் பின்னே போயின் ஊர்தி நிலைகுலையும். மிக முன்னே வரின் இறங்குகையில் மூக்கை உயர்த்துதல் அரிதாகும்.

எரிபொருளோட்டத்தையும் அளத்தல் வேண்டும். ஊர்தி ஏறுகையில் மூக்கு உயர்ந்திருக்குமாதலின், நிலத்திலேயே அவ்வாறு உயர்த்தி நிறுத்தி, குழாய்வழி வரும் எரிபொருளைப் பாத்திரத்திலேந்தி நேரங் கணிப்பர். ஈர்ப்பால் மாத்திரம் ஓடும் அமைப்பாயின், இயந்திரம் உச்சநிலையிற் கொள்ளும் அளவில் ஒன்றரை மடங்கு வருதல் வேண்டும். மேலும், கைப்பிடியை வலப்புறஞ் சாய்க்கையில் வலச்செட்டை மடல் மேலெழுகின்றதா என்பதையும் பார்ப்பர். எளிய செயலாகத் தோன்றும் இதனைப் பாராது, இணைப்புகள் இடம்மாறிக் கிடந்தமையால் மாண்டோர் உளர். கட்டியவன் கண், தான் செய்ய நினைத்ததையே காணும், செய்ததைக் காணாது. ஆதலின், வேறொருவர் கண்ணும் இன்றியமையாதது.

இவையெல்லாம் நிறைவேறிய பின்னரும் பயணிகளை ஏற்ற அனுமதியில்லை. அமெரிக்காவிலே இயந்திரத்தின் வகைக்கேற்பப் பொதுவாக 25 அல்லது 40 மணிநேரம், குறித்த எல்லைக்குள், மக்கள் நெருங்கி வாழும் இடங்களை விலக்கிப் பறந்து சோதித்தல் வேண்டும். எவ்வேகத்தில் ஊர்தி தூக்குவிசை இழக்கும், எவ்வளவு விரைவாக ஏறும் என்பன யாவும் குறிக்கப்படும். 2012 ஆம் ஆண்டு அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை வெளியிட்ட ஆய்வின்படி, விபத்துகளிற் பெரும்பாலானவை இயந்திரம் வலுவிழத்தலாலும் கட்டுப்பாடு தவறுதலாலும் நேர்வன. அவற்றுட் பல, ஊர்தியின் ஆரம்பப் பறப்புகளிலும், கட்டியவனிடமிருந்து வாங்கியவன் பறக்கும் முதற் சில பறப்புகளிலும் நிகழ்வன. கட்டியவனின் கை அறிந்தது வாங்கியவனின் கைக்கு விலையோடு வந்து சேர்வதில்லை. விசயையைப் பொறியிலேற்றிப் பழக்கிய செய்தி ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்தனை இடரிருக்க, இம்முயற்சியைத் தடைசெய்து விடலாகாதோ எனின், நாகரிக நாடுகள் அவ்வாறு செய்யவில்லை. விடுமுறை நாள்களிலும் மாலைப்பொழுதுகளிலும் உழைத்து ஓர் ஊர்தியை முடிக்க ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மணிநேரம் செல்லும். ஆண்டுகள் பல கழியும். தொடங்கியோர் பலர் இடைநடுவே கைவிடுவர். முடித்தவனோ உலோகத்தின் குணத்தையும், காற்றின் போக்கையும், தன் கையின் நேர்மையையும் ஒருங்கே அறிந்தவனாகின்றான். கல்விக்காக என்று சட்டம் கூறுவது வெறுஞ்சொல்லன்று.

பரீட்சைத் தாளில் எழுதிய பிழையை ஆசிரியர் காண்பார். மூடிய செட்டையினுள் அறைந்த ஆணியை எவரும் காணார். அங்கே பிழை நேர்ந்ததென அறிந்த ஒருவன், நள்ளிரவாயினும் அதனைத் துளைத்தெடுத்து மீண்டும் செம்மையாக அறைவானாயின், அவனே வானூர்தி கட்டத் தகுதியுடையான். ஏனைய தொழில்களுக்கும் இத்தகுதியே வேண்டும் என்பதை மாணவர் உளங்கொள்வாராக.