'என்ன கோர்ஸ் போடணும்?' - பதில் தெரியாத பிளஸ் டூ பிள்ளைகள் விண்ணப்பிப்பது எப்படி?

சித்ரா பௌர்ணமி கிரிவலத்துக்கு லட்சக்கணக்கானோர் வந்துபோகும் திருவண்ணாமலையில், மே மாதம் இன்னொரு கூட்டமும் சேரும். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பிரவுசிங் சென்டர்களில் கூடும் கூட்டம் அது. கையில் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் தயாராக இருக்கும். ஆனால், கம்ப்யூட்டர் முன் இருப்பவர் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

"என்ன கோர்ஸ் போடணும்?"

பிள்ளை அப்பாவைப் பார்க்கும். அப்பா, சென்டர்காரரைப் பார்ப்பார். "எல்லாரும் பி.காமும் கம்ப்யூட்டர் சயின்ஸும்தான் போடுறாங்க" என்பார் அவர். மூன்று வருடப் படிப்பு அந்த ஒரு நிமிடத்தில் முடிவாகிவிடும்.

அமெரிக்காவின் பல கல்லூரிகளில் மேஜர் எதுவென்று சொல்லாமலே சேர்ந்து, ஒன்றிரண்டு வருடம் கழித்து முடிவு செய்யலாம். நம் ஊரில் சீட்டே பாடத்துக்குத்தான். 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்று விண்ணப்பத்தில் எழுத முடியாது.

தெரியாமல் சேர்ந்தவர்கள்

பக்கத்து விழுப்புரத்துக்காரர்தான் சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல். பள்ளி முடித்தபோது மேற்படிப்பு பற்றித் தனக்கு எந்த யோசனையும் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். நண்பர்களோடு சேர்ந்து, விழுப்புரத்திலேயே டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்தார். படிக்கப் படிக்கத்தான் பொறியியலில் ஆர்வம் வந்தது. பிறகு சென்னையில் பி.இ., திருச்சியில் முதுநிலை, சென்னை ஐ.ஐ.டி-யில் பிஹெச்.டி. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான் நிலவில் இறங்கியது.

அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்சி இயற்பியல் படித்தவர். அது தனக்கான பாடம் அல்ல என்று பிறகுதான் உணர்ந்தார். அக்கா தன் நகைகளை அடகு வைத்துக் கொடுத்த பணத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி-யில் சேர்ந்தார். முதல் வருடம் முடிந்த பிறகே விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தார்.

இருவரும் முதலில் எடுத்த படிப்பு, அடுத்த படிப்புக்கு வழி விட்டது. எனவே, 'எனக்கு என்ன பிடிக்கும்?' என்பதற்குப் பதில் தெரியாதவர்கள், 'இதைப் படித்தால் அடுத்து எங்கே போகலாம்?' என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எந்தப் படிப்பு, எந்த வழி?

* எந்தப் பட்டம் பெற்றாலும் யு.பி.எஸ்.சி சிவில் சர்வீஸ், டி.என்.பி.எஸ்.சி குரூப் 1 தேர்வுகளை எழுதலாம். மூன்று வருட சட்டப் படிப்பு, எம்.பி.ஏ ஆகியவற்றுக்கும் எந்தப் பட்டமாக இருந்தாலும் போதும். உரிய மதிப்பெண் வேண்டும்.

* டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி பட்டதாரிகளுக்கும் இந்த வழி உண்டு.

* பள்ளி ஆசிரியராக விரும்பினால் மட்டும் கவனம் தேவை. பள்ளியில் எந்தப் பாடம் நடத்த ஆசையோ, அதே பாடத்தில் பட்டமும், பிறகு பி.எட்டும் வேண்டும்.

* அறிவியல் பிடிக்கும், ஆனால் எந்த அறிவியல் என்று தெரியவில்லையா? பக்கத்தில் உள்ள திருப்பதி ஐசர் போன்ற நிறுவனங்களின் 5 வருட பி.எஸ்-எம்.எஸ் படிப்பில், தொடக்கத்தில் எல்லா அறிவியலும் படித்துவிட்டு, பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்குத் தனி நுழைவுத்தேர்வு இருப்பதால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

விண்ணப்பத்தில் என்ன செய்யலாம்?

அரசு கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளையும் பாடங்களையும் விருப்ப வரிசைப்படி கொடுக்கலாம். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும், மற்ற பாடங்களுக்கு நான்கு முக்கியப் பாடங்களின் 400 மதிப்பெண்ணும் கணக்கு. மொத்தம் குறைந்தாலும் தமிழில் நல்ல மார்க் இருந்தால், அது தனி வாய்ப்பு.

பொறியியல் கலந்தாய்வில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட் ஆஃப். இங்கும் கல்லூரியையும் பிரிவையும் எத்தனை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். பட்டியலை நீளமாகக் கொடுப்பதில் நஷ்டமில்லை. ஆனால், வரிசையைப் பிள்ளையே வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ளேயே தேடலாம். நகரத்தில் கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியும் அரசு மருத்துவக் கல்லூரியும், செய்யாறில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், ஆரணியில் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியும், வாழவச்சனூரில் வேளாண் கல்லூரியும் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் பஸ் ஏறிப்போய், அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் 'முதல் வருஷம் என்ன பாடம்?' என்று கேட்டுவிட்டு வரலாம். சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது.

ஒரு வருஷம் சும்மா இருக்கலாமா?

முடிவு தெரியவில்லை என்று 'ஒரு வருஷம் வீட்டுல இரு, அப்புறம் பார்க்கலாம்' என்பது பெண் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து. அந்த 'அப்புறம்' பல வீடுகளில் கல்யாணப் பேச்சாகிவிடுகிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகள் உயர்கல்வியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2024 முதல் மாணவர்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது.

பிரவுசிங் சென்டருக்குப் போகும்போது மார்க் ஷீட்டோடு இன்னொரு தாளும் பையில் இருக்கட்டும். அதில் பிள்ளை தன் கையால் எழுதிய ஐந்து பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அடுத்து எங்கே போகலாம்' என்று ஒரு வரி. 'என்ன கோர்ஸ் போடணும்?' என்ற கேள்வி வந்ததும், அந்தத் தாளை நீட்டினால் போதும்.