எலும்பு ஆராய்ச்சிக்கு எந்த செல்லை எடுக்கணும்?

போன எபிசோடுல பல் இம்ப்ளான்ட் எப்படி தாடை எலும்போட ஒட்டுதுன்னு பேசினோம். அதைக் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க: "இதையெல்லாம் முதல்ல யார் மேல டெஸ்ட் பண்றாங்க?"

யார் மேலயும் இல்லை. முதல் டெஸ்ட் ஒரு பிளாஸ்டிக் பிளேட்ல வளர்ற செல்கள் மேலதான். அந்த செல் எதுங்கிறதுலயே பாதி ரிசல்ட் முடிவாயிடும். எலும்பு செல் வளர்க்கிற லேப்ல வேலை பார்க்கிறவன் நான். அதனால இன்னைக்கு உங்களை லேபுக்குள்ளயே கூட்டிட்டுப் போறேன்.

செல் லைன்னா என்ன?

உடம்புலேருந்து எடுத்த சாதாரண செல், பிளேட்ல சில தடவை பெருகும், அப்புறம் நின்னுடும். செல் லைன் நிக்காது. வருஷக்கணக்கா பெருகும், திரவ நைட்ரஜன்ல உறைய வைக்கலாம், இன்னொரு லேபுக்கு அனுப்பலாம். நம்ம நாட்டு லேப்கள் பல, புனேயில இருக்கிற தேசிய செல் அறிவியல் மையத்துலேருந்துதான் வாங்கறாங்க.

ஆனா நிக்காம பெருகுதுன்னா, அதுக்குள்ள ஏதோ ஒரு பிரேக் வேலை செய்யலைன்னு அர்த்தம். அதனாலதான் பல செல் லைன்கள் கேன்சர் கட்டியிலேருந்து வந்தவை.

எலும்பு ஆராய்ச்சியில அதிகம் புழங்குற மூணு மனித செல் லைன்களைப் பாருங்க. யு-2 ஓஎஸ், 1964ல ஒரு 15 வயசுப் பொண்ணோட கால் எலும்புக் கட்டியிலேருந்து வந்தது. சாஓஎஸ்-2, 1973ல ஒரு 11 வயசுச் சிறுமிகிட்டேருந்து வந்தது. எம்ஜி-63, ஒரு 14 வயசுப் பையனோடது. மூணு பேருக்குமே ஆஸ்டியோசர்கோமாங்கிற எலும்புக் கேன்சர். எலும்பு வேகமா நீள்ற வயசுலதான் அது அதிகம் தலைகாட்டும். செல் கேட்டலாக்ல அவங்க பேர் இல்லை, வயசு மட்டும் இருக்கு. அவங்க செல்லை எடுத்து ஒரு கேள்வி கேட்கிறோம்னா, அதுக்குப் பதில் சொல்லக்கூடிய செல்கிட்டதான் கேட்கணும். நான் இன்னைக்கு சொல்ல வர்றது இந்த ஒண்ணுதான்.

ஒரே பூச்சு, ரெண்டு தப்பான பதில்

இடுப்பு இம்ப்ளான்ட்டுக்கு ஒரு புதுப் பூச்சு கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு வைங்க. அது மேல எலும்பு உருவாகுமான்னு பார்க்கணும். செல்களை அது மேல மூணு வாரம் வளர்த்து, கால்சியம் படிஞ்சிருக்கான்னு அலிசரின் ரெட் சாயம் போட்டுப் பார்ப்போம். கால்சியம் இருந்தா சிவக்கும்.

எம்ஜி-63 வேகமா வளரும், பராமரிக்கிறது ஈஸி, பக்கத்து லேப்லயே கிடைக்கும். அதனால நிறைய ஸ்டூடன்ட்ஸ் அதைத்தான் எடுப்பாங்க. ஆனா அது முதிராத எலும்பு செல் மாதிரி. எலும்பு கட்டத் தேவையான ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்சைம் அதுல ரொம்பக் கம்மி, கால்சியத்தைப் படிய வைக்கிறதுலயும் சோம்பேறி. மூணு வாரம் கழிச்சுப் பார்த்தா சிவப்பே இருக்காது. "பூச்சு வேஸ்ட்"னு எழுதிடுவீங்க.

சாஓஎஸ்-2 இதுக்கு நேர் எதிர். முதிர்ந்த எலும்பு செல்லோட குணம், அந்த என்சைமும் ஏராளம். சரியான மீடியம் கொடுத்தா, வெறும் பிளாஸ்டிக் மேலயே கால்சியத்தைக் கொட்டும். பக்கத்துல பூச்சு இல்லாத பிளேட் ஒண்ணை வச்சு ஒப்பிடலைன்னா, "பூச்சு சூப்பர்"னு எழுதிடுவீங்க.

ரெண்டு தடவையும் நீங்க பார்த்தது பூச்சோட குணம் இல்லை, செல்லோட குணம். முதல் தப்புல ஒரு நல்ல பூச்சு குப்பைக்குப் போகுது. ரெண்டாவதுல ஒரு சுமாரான பூச்சு விலங்குச் சோதனை வரைக்கும் போகுது.

இன்னொரு பொறியும் இருக்கு. கால்சியம் படிய பீட்டா கிளிசரோபாஸ்பேட்னு ஒண்ணு சேர்ப்போம். அது அதிகமாப் போனா, செத்த செல் மேலகூட கால்சியம் படியும். சாயம் அதையும் சிவப்பாத்தான் காட்டும். சிவப்பை மட்டும் நம்பாதீங்க, எலும்பு உருவாகும்போது வேலை செய்யற ஜீன்களையும் சேர்த்துப் பாருங்க.

அப்போ எம்ஜி-63 உதவாதா? உதவும். செல் ஒட்டுதா, சாகாம இருக்கான்னு பார்க்க அது போதும். எலும்பு கட்டுதான்னு மட்டும் அதுகிட்ட கேட்காதீங்க.

கேன்சர் மருந்துன்னா கணக்கே வேற. பி53ங்கிற காவல்கார ஜீன் யு-2 ஓஎஸ்ல நல்லா இருக்கு, சாஓஎஸ்-2ல கிடையவே கிடையாது. பி53 வழியா வேலை செய்யற ஒரு மருந்து முதல்ல சொன்னதை நிறுத்தும், ரெண்டாவதை ஒண்ணும் பண்ணாது. இங்க ரெண்டையும் சேர்த்து வச்சாத்தான் மருந்து எப்படி வேலை செய்யுதுன்னே தெரியும்.

கேன்சர் இல்லாத செல் வேணும்னா?

எம்சி3டி3-ஈ1 இருக்கு. பிறந்த எலிக்குட்டியோட மண்டையோட்டுலேருந்து, 1981ல ஜப்பான்ல உருவாக்கினது. வைட்டமின் சி கொடுத்தா படிப்படியா முதிர்ந்து எலும்பு கட்டும். ஆனா ஒரே பேர்ல பல கிளைகள். 4, 14ங்கிற நம்பர் உள்ளவை கால்சியம் படிய வைக்கும். 24, 30 படிய வைக்காது. ஆர்டர் பண்ணும்போது நம்பரைப் பார்க்காம விட்டா மூணு மாச வேலை போச்சு. மீடியத்துலயே வைட்டமின் சி இருந்தா, நீங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செல் முதிர ஆரம்பிச்சிடும். பல தடவை பெருக்கின பழைய செல்னாலும் அந்தத் திறமை குறைஞ்சிடும்.

குருத்தெலும்பு இன்னும் தந்திரக்காரன்

முழங்கால் மூட்டுல வழவழன்னு இருக்கே, அந்தக் குருத்தெலும்பு செல்லை பிளேட்ல வளர்த்தா தட்டையாப் பரவி, தான் யாருங்கிறதையே மறந்துடும். அது தயாரிக்க வேண்டியது இரண்டாம் வகை கொலாஜன். மறந்த பிறகு முதல் வகையைத் தயாரிக்க ஆரம்பிச்சிடும். அகரோஸ் ஜெல்லுக்குள்ள வச்சா உருண்டையாகி பழைய வேலைக்குத் திரும்பும்னு 1982லயே காட்டியிருக்காங்க. குருத்தெலும்புக்கு எந்த செல்லுன்னு கேட்கிறப்போவே, எந்த வடிவத்துல வளர்க்கிறோம்னும் கேட்கணும்.

செல் லைன்ல எஸ்டபிள்யூ1353 பிரபலம். ஒரு 72 வயசுப் பெண்ணோட மேல்கை எலும்புல இருந்த குருத்தெலும்புக் கேன்சர்லேருந்து வந்தது. மூட்டைக் கரைக்கிற என்சைம்களைப் பத்திக் கேட்டா ஓரளவு பதில் சொல்லும். புதுக் குருத்தெலும்பு உருவாகுமான்னு கேட்டா கையை விரிச்சிடும். ஏடிடிசி5ங்கிற எலி செல், இன்சுலின் கொடுத்தா குருத்தெலும்பா மாறி, அப்புறம் வீங்கி, எலும்பாகிற பாதையில போகும். குழந்தை எப்படி உயரமாகுதுன்னு படிக்க அருமையான செல். ஆனா மூட்டுக் குருத்தெலும்பு வாழ்நாள் முழுக்க அப்படியே இருக்கணும், எலும்பாகக் கூடாது. அதனால தாத்தாவோட முழங்கால் வலிக்கு இதுகிட்ட மட்டும் பதில் கேட்காதீங்க.

வாங்கறதுக்கு முன்னாடி

நான் புதுசா வர்ற ஸ்டூடன்ட்ஸ்கிட்ட ஒரு தாளைக் கொடுத்து நாலு வரி எழுதச் சொல்வேன். என் கேள்வி என்ன? அந்த வேலையை இந்த செல் செய்யும்னு யாராவது காட்டியிருக்காங்களா? இந்த செல் எதைச் செய்யாது? சும்மா ஒப்பிட எதை வைக்கப் போறேன்? நாலும் நிரம்பின பிறகுதான் ஆர்டர்.

வந்த செல்லுக்கும் அடையாள அட்டை கேளுங்க, அதாவது எஸ்டிஆர் டிஎன்ஏ சோதனை. பேர் ஒண்ணு, உள்ளே இருக்கிறது வேறன்னு கண்டுபிடிச்ச செல் லைன்கள் உலகம் முழுக்க 500க்கு மேல பட்டியல்ல இருக்கு. நிறைய டப்பாவுக்குள்ள இருந்தது, 1951ல எடுத்த ஹீலா செல். மைக்கோபிளாஸ்மா கிருமி இருக்கான்னும் பாருங்க, மைக்ரோஸ்கோப்ல சாதாரணமா அது தெரியாது.

கடைசியா ஒண்ணு. எந்த செல் லைனும் மனுஷன் இல்லை. அதுல கிடைச்ச பதிலை, நோயாளிகிட்டேருந்து நேரா எடுத்த செல்லுல திரும்பச் சோதிக்கணும். செய்தியில "எலும்பு வளர்க்கும் அதிசயப் பொருள் கண்டுபிடிப்பு"ன்னு படிச்சா நீங்களும் ஒரு கேள்வி கேளுங்க: "எந்த செல்லுல?"

அடுத்த எபிசோடுல எலும்பைத் தின்கிற செல்லைப் பத்திப் பேசலாம். கேள்விகளை அனுப்பிட்டே இருங்க!