பிசிபி லேபில் இருக்கும் அதே பழுப்புத் திரவம்

பிசிபி லேபில் ஃபெரிக் குளோரைடைச் சட்டையில் சிந்தினவங்களுக்குத் தெரியும், அந்த மஞ்சள் கறை துவைச்சாலும் போகாது. அதே திரவத்தை வச்சு செம்புத் தகட்டில் ஒரு போட்டோவையே செதுக்கலாம். பெயர் போட்டோகிராவியர். 1879-ல் வியன்னாவில் காரெல் கிளிச் இதை ஒரு முழு முறையாக்கினார்.

நம்ம போர்டுல செம்பு ஒண்ணு இருக்கும், இல்லன்னா போயிடும். போட்டோவுக்கு அது பத்தாது, நடுவுல இருக்கிற சாம்பல் எல்லாம் வேணும். அதை ஆழத்தால் கொண்டு வர்றாங்க. ஆழமான பள்ளத்தில் மை அதிகம் நிக்கும், அது கருப்பு.

முதல்ல தகட்டைப் பளபளன்னு தேய்ச்சு, எண்ணெய்ப் பசை போகக் கழுவணும். பிறகு ஒரு மூடின பெட்டிக்குள் ரோசின் தூளைப் பறக்கவிட்டு தகட்டில் படியவைக்கணும். சால்டரிங் ஃப்ளக்ஸில் இருக்கிற அதே ரோசின்தான். அடியில் சூடு காட்டினா துகள்கள் உருகி ஒட்டிக்கும். ஒவ்வொரு துகளுக்கு அடியிலும் செம்பு அரிக்காம மேடா நிக்கும். இது இல்லன்னா, அகலமான கருப்புப் பகுதியில் மையைப் பிடிச்சு வைக்கச் சுவரே இருக்காது. துணியால் துடைக்கும்போது மொத்தமும் வந்துடும்.

அடுத்தது ஜெலட்டின் பூசின காகிதம். பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசலில் நனைச்சுக் காயவச்சா அது ஒளியை உணரும். (விஷம். கையுறை கட்டாயம்.) பாசிட்டிவ் ஃபிலிமை மேல வச்சு யுவி காட்டினா, ஒளி பட்ட இடம் கெட்டியாகும். தகட்டில் ஒட்டி வெந்நீரில் விட்டா காகிதம் கழண்டு, கெட்டியாகாத ஜெலட்டின் கரைஞ்சு போயிடும். மிஞ்சுறது வெள்ளைப் பகுதியில் தடிமனா, கருப்புப் பகுதியில் மெல்லிசா இருக்கிற ஒரு படலம்.

இனிமேதான் எனக்குத் தலைகீழாப் பட்ட விஷயம். தகட்டை முதலில் கெட்டியான ஃபெரிக் குளோரைடில், சுமார் 45 போமேயில், வைக்கிறாங்க. அப்புறம் படிப்படியா நீர்த்த தொட்டிகளுக்கு மாத்துறாங்க. நீர்த்தா வீரியம் குறையும்னுதானே நினைப்போம்? ஆனா ஜெலட்டின் தண்ணியில்தான் ஊறும். கெட்டியான கரைசலில் தண்ணி கம்மி, அதனால மெல்லிசான இடத்தை மட்டும்தான் அது ஊடுருவும். தண்ணி கூடக்கூட தடிமனான இடமும் வழி விடும். கருப்புப் பகுதி முதல் தொட்டியிலிருந்தே அரிச்சுக்கிட்டு இருக்கிறதால அங்கதான் ஆழம் அதிகம்.

எப்ப மாத்துறதுன்னு கண்ணால் பார்த்து முடிவெடுக்கணும். அவசரப்பட்டு நீர்த்த தொட்டிக்குப் போனா எல்லா டோனும் ஒண்ணா அரிச்சு படம் தட்டையாகும். அறையில் ஈரப்பதம் மாறினாலே கணக்கு தப்பும். அண்டூ கிடையாது. ஜெலட்டினையும் ரோசினையும் எடுத்து, மை தடவித் துடைச்சு, ஈரக் காகிதத்தில் அழுத்தி எடுத்த பிறகுதான் படம் வந்துச்சா இல்லையான்னே தெரியும்.